நண்பரை முதல் வெளிநாட்டுப் படத்துக்கு உட்கார வைப்பது

பதினைந்தாவது நிமிடத்தில் கை போன் பக்கம் போகும். இருபத்தைந்தாவது நிமிடத்தில் "இது எப்பப்பா சூடு பிடிக்கும்?" என்று கேள்வி வரும். நாற்பதாவது நிமிடத்தில் மெல்லிய குறட்டை. நண்பரை வெளிநாட்டுப் படம் பார்க்கக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் இந்த வரிசை மனப்பாடம். பழி நண்பரின் ரசனை மேல் விழும், இல்லாவிட்டால் படத்தின் மேல். இரண்டும் பெரும்பாலும் நிரபராதிகள். சப்டைட்டில் ஒன்றரை விநாடி பிந்தி வந்திருக்கும். டிவி படத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டியிருக்கும். கூப்பிட்டவர், தான் பத்து வருடம் பார்த்துப் பழகிய பிறகு பிடித்துப்போன படத்தை முதல் நாளே எடுத்துப் போட்டிருப்பார்.

உலக சினிமா மேல் கிறுக்குப் பிடித்தவர்களில் தனியாளாக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருவர் இருந்திருப்பார். பாரிஸில், பின்னாளில் இயக்குநரான பிரான்சுவா ட்ரூஃபோவுக்கு அது பள்ளித் தோழர் ராபர்ட் லாஷ்னே. இருவரும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனார்கள். வெளியே மாட்டியிருந்த ஸ்டில்களைத் திருடினார்கள். 1948-ல், ட்ரூஃபோவுக்கு 16 வயதாக இருக்கும்போது, சேர்ந்து ஒரு திரைப்படக் கழகமே ஆரம்பித்துக் கடனில் மாட்டிக்கொண்டார்கள். 1959-ல் வந்த ட்ரூஃபோவின் முதல் முழுநீளப் படத்தில் நாயகனின் கூட்டாளியாக வரும் ரெனே என்ற பையன் லாஷ்னேயின் சாயல்தான்.

கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் வேறு சிலரும் சேர்ந்து 1947-ல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் திரையிட்டது 1925-ல் வந்த சோவியத் மௌனப் படமான 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்'. ராய் 1950-ல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனபோது சில மாதங்களில் 99 படங்கள் பார்த்தார். இந்த 99 என்ற எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நமக்கு உதவுவது அதற்கு முன்னால் அவர் வைத்திருந்த இரண்டு பழக்கங்கள். தியேட்டர் இருட்டில், தனக்கு மட்டும் புரிகிற கிறுக்கலில், காட்சி எங்கே வெட்டுப்படுகிறது என்று குறித்துக்கொள்வார். ஒரு நாவல் படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால் படம் வருவதற்கு முன்பே தானே அதற்குத் திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார். இந்த இரண்டாவது பழக்கத்துக்குக் கீழே மறுபடி வருவோம். இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்ய அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

முதல் படம்

நான்கு சல்லடை போதும். ஓடும் நேரம் 100 நிமிடத்துக்குள் இருக்கவேண்டும். நாயகனுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசுகிற காட்சிகள் குறைவாக இருக்கவேண்டும். பிரிண்ட் சுத்தமாக இருக்கவேண்டும். கடைசிச் சல்லடையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கீறல் விழுந்த, மங்கிப்போன பிரதியில் பார்த்த ஆள் "பழைய படம், போர்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். அதே படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதி இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் தேடினால் அந்தத் தீர்ப்பைத் தவிர்க்கலாம்.

விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) 89 நிமிடம். சைக்கிள் இருந்தால்தான் போஸ்டர் ஒட்டுகிற வேலை. சைக்கிள் திருடு போகிறது. அப்பாவும் பையனும் ரோம் நகரத் தெருக்களில் தேடுகிறார்கள். இவ்வளவு சொன்னால் போதும், நான்கு சல்லடையிலும் தங்காமல் இறங்கிவிடும். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) அதுவும் 89 நிமிடம்: அண்ணன் தங்கையின் ஷூவைத் தொலைத்துவிடுகிறான், ஒரு ஜோடி ஷூவை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987) 83 நிமிடம்: பக்கத்தில் உட்காரும் பையனின் நோட்டு தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டது, நாளைக்கு நோட்டில் வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் அவனைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அவன் வீடு அடுத்த ஊரில், விலாசம் தெரியாது.

இந்தக் கடைசிப் படம் எளிமையாகத் தெரிந்தாலும் முதல் படமாகப் போட ஒரு ஆபத்து உண்டு. அம்மாவிடம் பையன் "நோட்டைக் கொடுத்துட்டு வரேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலை மேல் வேலை ஏவுகிறாள். பார்க்கிறவருக்கு எரிச்சல் ஏறும். ஏறவேண்டும் என்றுதான் கியாரோஸ்தமி அப்படி எடுத்திருக்கிறார். பெரியவர்கள் காது கொடுக்காத உலகத்தில் ஒரு எட்டு வயதுப் பையன் எவ்வளவு தனி என்பது அந்த எரிச்சலில்தான் இருக்கிறது. நண்பருக்கு அது புரியாமல் "என்னப்பா, சொன்னதையே சொல்றான்" என்று பட்டால் படம் அங்கேயே கைநழுவிவிடும். ஆகவே இதை இரண்டாவது அல்லது மூன்றாவதாக வைத்துக்கொள்வது நல்லது. அப்போது, குன்றின் மேல் நெளிநெளியாக ஏறும் அந்தப் பாதையில் பையன் ஓடுவதைப் பார்க்கையில் அவர் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பார். கடைசிக் காட்சியைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

கறுப்பு வெள்ளை என்றால் முகம் சுளிக்கிறவரிடம் வாதாடிப் பயனில்லை. வண்ணப் படத்தில் தொடங்குங்கள். ஆறாவது படத்தில் அவரே கேட்பார். த்ரில்லர் மட்டுமே பார்க்கிறவருக்கு நேரக் கணக்கைத் தளர்த்திக்கொள்ளலாம். போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) 132 நிமிடம் ஓடினாலும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) அருமையான படம். ஆனால் முதல் காட்சியிலிருந்தே இருவர் விடாமல் வாதாடுகிறார்கள், சப்டைட்டில் பழகாத கண் அங்கே திணறும். நான்காவதாக வரட்டும். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) 136 நிமிடம், மெதுவாக நகரும். ஊரிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்த வயதான அப்பா அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பிள்ளைகள் தவிக்கிற கதை. தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனாலும் ஐந்தாவதுக்கு முன்னால் போடாதீர்கள். பொறுமை பழகிய பிறகு பார்த்தால் ஆளை ஒரு வாரம் விடாது.

சப்டைட்டில்: பாதி யுத்தம் இங்கே

நல்ல சப்டைட்டிலுக்குத் தொழிலில் கணக்கு இருக்கிறது. ஒரு நேரத்தில் அதிகபட்சம் இரண்டு வரி. ஒரு வரிக்குச் சுமார் 42 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. திரையில் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு முதல் 7 விநாடி வரை நிற்கலாம். பெரியவர்களுக்கு வாசிப்பு வேகம் விநாடிக்கு 17 முதல் 20 எழுத்து என்று வைத்துக்கொள்வார்கள். இது ஆங்கிலத்தைத் தாய்மொழி போல வாசிக்கிறவருக்கான கணக்கு. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தும் தமிழிலேயே யோசிக்கிற நண்பருக்கு இரண்டாவது வரி முடிவதற்குள் எழுத்து மறைந்துவிடும். "கதை புரியல" என்று அவர் சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம். வெளியே சொல்லக் கூச்சப்படுவார். முதல் பத்து நிமிடத்தில் படத்தைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பாருங்கள். கண் கீழேயே நின்றுவிட்டதென்றால் வசனம் குறைவான படத்துக்கு மாறிவிடுங்கள். இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு கண் தானாகவே ஒரு எட்டு கீழே போய்விட்டு மேலே வரப் பழகிவிடும்.

அடுத்தது நேரம் பிசகுவது. கோப்பாக வைத்திருக்கும் படத்துக்குத் தனியாக எஸ்ஆர்டி கோப்பு, அதாவது வசனமும் அது வரும் நேரமும் எழுதிய கோப்பு, சேர்க்கிறவர்களுக்கு இது தினசரித் தலைவலி. மூன்று விதமாகப் பிசகும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ சுலபம். கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஹெச் விசையைத் தட்டினால் எழுத்து ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி விநாடி தாமதமாகும். ஜி விசை அதே அளவு முன்னால் இழுக்கும். இரண்டு விநாடி சரிசெய்ய நாற்பது தட்டு. அதற்கு மேல் என்றால் 'டூல்ஸ்' பட்டியலில் உள்ள 'ட்ராக் சிங்க்ரனைசேஷன்' பெட்டியில் எண்ணையே போட்டுவிடலாம்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போகப் பிசகு வளர்ந்தால் அது ஃப்ரேம் வேகக் கோளாறு, அதாவது விநாடிக்கு எத்தனை படச்சட்டம் ஓடுகிறது என்பதில் வேறுபாடு. ஐரோப்பிய டிவிக்கான பிரதி விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும், ப்ளூ-ரே பிரதி 23.976. முதலாவதற்குச் செய்த சப்டைட்டிலை இரண்டாவதோடு ஓட்டினால் பத்து நிமிடத்துக்குச் சுமார் 25 விநாடி எழுத்து முந்திக்கொண்டு போகும். திருடன் வருவதற்கு முன்பே "திருடன்! திருடன்!" என்று எழுத்து கூவும். இதற்கு விசையைத் தட்டிக்கொண்டிருப்பது வீண். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் 'சிங்க்ரனைசேஷன்' பட்டியலில் ஃப்ரேம் வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றிச் சேமித்தால் முடிந்தது. பிந்திக்கொண்டே போனால் மறுபக்கமாக மாற்றவேண்டும்.

மூன்றாவது விதம், அரை மணி நேரம் சரியாக ஓடி, திடீரென்று ஒரு இடத்தில் பத்து விநாடி தாவிவிடுவது. உங்கள் பிரதியும் சப்டைட்டில் செய்தவரின் பிரதியும் வேறு வேறு விதமாக வெட்டித் தொகுத்தவை. இதோடு மல்லுக்கட்டாதீர்கள், வேறு கோப்பு தேடுங்கள்.

எது என்று கண்டுபிடிக்க முழுப் படமும் ஓட்டவேண்டியதில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு வசனம், நடுவில் ஒன்று, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒன்று. உதடு அசைவதும் எழுத்து வருவதும் சேருகிறதா என்று பார்த்தால் போதும். நண்பர் வருவதற்கு முந்தின நாள் செய்யவேண்டிய வேலை இது. அவர் சோபாவில் உட்கார்ந்த பிறகு விசையைத் தட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கால் மணி நேரத்தில் அவருடைய மனசு கிளம்பிப் போயிருக்கும்.

எழுத்து குழம்புவது இன்னொரு ரகம். தமிழ் சப்டைட்டில் கேள்விக்குறிகளாக வந்தால் கோப்பு யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படவில்லை. ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கோர்த்து வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, யூனிகோடுக்கு மாற்றவேண்டும். கணினியில் சரியாக வந்து, பென் டிரைவில் போட்டு டிவியில் செருகியதும் கட்டம் கட்டமாக வந்தாலோ, கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்றாலோ, அந்த டிவியில் தமிழைக் கோர்த்துக் காட்டும் வசதி இல்லை என்று அர்த்தம். அதற்கு இரண்டு வழி: மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைப்பது, அல்லது 'ஹேண்ட்பிரேக்' மென்பொருளில் 'பர்ன் இன்' தேர்ந்து எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவது. பதித்தால் பிறகு நீக்க முடியாது. அசல் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிடியில் பார்த்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுதான். காது கேளாதோருக்கான சப்டைட்டிலும் பட்டியலில் இருக்கும். அதைத் தேர்ந்துவிட்டால் "கதவு கிறீச்சிடுகிறது", "சோக இசை" என்றெல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்து காட்சியைக் கெடுக்கும். டப்பிங் வைத்துப் பார்க்கலாமா என்றால், அனிமேஷனுக்குப் பரவாயில்லை. மற்றபடி வேண்டாம். குரல் நடிப்பில் பாதி.

மாமாவும் சித்தப்பாவும்

ஆங்கில சப்டைட்டில் வழியாகப் பார்க்கிற தமிழருக்கு ஒரு நஷ்டம் நேர்கிறது. அதைப் பக்கத்தில் இருப்பவர் ஈடுகட்டலாம். ஈரானியப் படங்கள் பேசும் பாரசீக மொழியில் அம்மாவின் சகோதரர் 'தாயி', அப்பாவின் சகோதரர் 'அமூ'. நமக்கு மாமாவும் சித்தப்பாவும் எவ்வளவு வேறோ அவ்வளவு வேறு. ஆங்கிலம் இரண்டையும் 'அங்கிள்' என்று ஒரே சட்டியில் போட்டு மூடிவிடும். சொத்துத் தகராறு, திருமணப் பேச்சு வரும் காட்சியில் வந்தவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதே விஷயம். அது காதில் மட்டும்தான் கிடைக்கும். இன்னொரு வேடிக்கை: ஈரானியப் படத்தில் குழந்தை "அம்மே!" என்று கூப்பிட்டால் அம்மாவை அழைப்பதாக நினைத்துவிடாதீர்கள். அது அத்தை, அப்பாவின் சகோதரி. 'தாயி' என்ற சொல் தாயைப் போல ஒலித்துக்கொண்டு தாய்மாமனைக் குறிப்பதும் அதே மாதிரிதான். இதை முன்கூட்டி ஒரு வரி சொல்லிவைத்தால் நண்பர் படம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கொரியப் படங்கள் தமிழ்க் காதுக்கு இன்னும் வளைந்து கொடுக்கும். குழந்தை 'அப்பா' என்றால் அப்பாதான், 'ஒம்மா' என்றால் அம்மாதான். 'ஒப்பா' என்பது பெண் தன் அண்ணனையோ, அண்ணன் முறையில் பழகுபவரையோ, காதலனையோ அழைப்பது. ஆண் தன் அண்ணனை அழைத்தால் 'ஹியங்'. ஆங்கில எழுத்தில் இதெல்லாம் வெறும் பெயராக மாறிவிடும், அல்லது காணாமலே போய்விடும். நேற்று வரை மரியாதையாகப் பேசியவர் இன்று மரியாதை விகுதியைக் கைவிடுகிறார் என்றால் அது அறைந்ததற்குச் சமம். பிரெஞ்சில் 'வூ' போய் 'து' வந்தால், அதாவது நீங்கள் போய் நீ வந்தால், இருவருக்கும் நடுவே ஏதோ நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'யூ'. தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து மட்டும் எழுதினால் இங்கேதான் சறுக்குவார்கள். மாமனாரை மருமகன் 'நீ' என்று அழைக்கும் கோப்புகள் உலவுகின்றன. கூகுளில் தட்டி எடுத்த மொழிபெயர்ப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

நண்பருக்காக நீங்களே ஒரு படத்துக்குத் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதலில் பாத்திரங்களின் பட்டியல் போட்டு யார் யாரை நீ, நீங்கள், அண்ணே, மாமா என்று அழைப்பார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகுதான் முதல் வரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒன்றரை வரியில் அடங்கியது இங்கே மூன்று வரி கேட்கும். வெட்டத்தான் வேண்டும். படத்தில் முகமே சொல்லிவிடுகிற வார்த்தைகளை முதலில் வெட்டுங்கள். "தயவுசெய்து உட்காருங்கள்" எதற்கு? அவர் நாற்காலியைக் காட்டுகிறார், "உட்காருங்க" போதும். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஆயிரம் வரிக்கு மேல் வரலாம். வசனம் அடர்ந்த படத்தை முதல் முயற்சிக்கு எடுத்தால் பாதியில் கைவிடுவீர்கள்.

டிவியும் அறையும்

டிவியை வாங்கியபோது இருந்த அமைப்பிலேயே விட்டிருந்தால் 'மோஷன் ஸ்மூத்திங்' ஓடிக்கொண்டிருக்கும். சாம்சங், எல்ஜி, சோனி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தின் நடுவே டிவி தானே ஃப்ரேம்களைச் செருகுவதால் சினிமா, சீரியல் போல வழுக்கும். அதை அணைத்துவிட்டுப் படவகையில் 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். 1950-களின் தொடக்கம் வரை வந்த படங்கள் பெரும்பாலும் அகலம் 1.37-க்கு உயரம் 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. "ஸ்க்ரீன் வீணாப் போகுதே" என்று யாராவது ரிமோட்டில் ஜூம் அழுத்தினால் நடிகரின் தலையும் சப்டைட்டிலின் இரண்டாவது வரியும் சேர்ந்து போகும்.

பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் புரொஜெக்டர். த்ரோ விகிதம் (திரைக்குள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்று போட்டிருந்தால், 2 மீட்டர் அகலத் திரைக்கு 3 மீட்டர் தள்ளி வைக்கவேண்டும். எல்லோரும் வெளிச்சத்தின் அளவான லூமென்ஸ் பற்றி விசாரிப்பார்கள், திரையின் கீழ்விளிம்பை மறந்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து நான்கு அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். திரை அதற்குக் கீழே தொடங்கினால் பின்வரிசைக்காரர் படம் முழுக்க முன்வரிசைத் தலைகளுக்கு நடுவே எழுத்தைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். திரையை உயர்த்த முடியாத அறையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு ஜமுக்காளம் விரித்துவிடுங்கள், முன்வரிசைத் தலை ஒன்றரை அடி இறங்கிவிடும். வீட்டு ஓடிடி சந்தா வீட்டுக்குத்தான். மண்டபம் எடுத்துக் கூட்டம் சேர்த்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கவேண்டும்.

பேசுவதும் பேசாமல் இருப்பதும்

"இப்ப பாரு, இப்ப வரும்" என்று சொல்கிறவரோடு யாரும் இரண்டாவது படம் பார்க்க வருவதில்லை. அடிக்கடி திரும்பி நண்பர் முகத்தைப் பார்ப்பதும் அதே குற்றம்; சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாகவேண்டும் என்ற பாரம் அவர் தலையில் ஏறிவிடும். கண் எழுத்தில் நிற்கிறதா என்று முதல் பத்து நிமிடத்தில் ஓரக்கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் டீக்கு ஒரு நிறுத்தம் வைக்கலாம், ஆனால் இடத்தை முன்பே பார்த்து வைத்திருக்கவேண்டும். இரவு முடிந்து பகல் வருகிற இடம், பயணம் முடிகிற இடம். காட்சி நடுவில் நிறுத்தினால் திரும்ப ஏறக் கால் மணி நேரம் ஆகும்.

படம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பதிலைத் தாண்டி எதுவும் வராது. "எந்த இடம் கண்ணுல நிக்குது?" என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று வரும். அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டு, ஒலியை அணைத்து, மூன்று நிமிடம் பாருங்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றால் அடகுக்கடை. சைக்கிளை மீட்பதற்காக வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கடை ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறான், ஏறிக்கொண்டே போகிறான். கூரை வரை அடுக்கடுக்காக அதே மாதிரி மூட்டைகள். ஊரில் எத்தனை வீட்டுக் கட்டிலில் விரிப்பு இல்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் டி சிகா சொல்லிவிட்டார். முதல் தடவை கண் எழுத்தில் இருந்ததால் இது தப்பியிருக்கும். இந்த மாதிரி ஒரு இடம் தானே கண்ணில் பட்டுவிட்டால் ஆள் நம் பக்கம் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். 'டோக்கியோ ஸ்டோரி' என்றால் கேமரா உயரத்தைக் கேளுங்கள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கும் சற்றுக் கீழே இருக்கும். சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் கேட்காமலே புரியும்.

ராய் செய்ததை இங்கே கொண்டுவரலாம். படத்தைப் பாதியில், கதை ஒரு முடிச்சில் நிற்கும்போது நிறுத்தி, "இதுக்கு மேல நீயா இருந்தா எப்படிக் கொண்டுபோவே?" என்று இருவரும் தனித்தனித் தாளில் ஐந்து வரி எழுதுங்கள். பிறகு மீதிப் படம். இயக்குநர் செய்தது உங்கள் இருவருடையதையும்விடச் சாதாரணமாக, அதனாலேயே வலிமையாக இருக்கும்; சில நேரம் நண்பருடையது மேலாகவும் இருக்கும். சேர்ந்து பார்க்கும் முதல் படத்திலேயே செய்யாதீர்கள், கொலை விழும். நான்கைந்து படம் சேர்ந்து பார்த்த பிறகு, நீங்களும் பார்த்திராத படத்தில்.

வீட்டுக்கு வெளியே

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952-ல் பம்பாயில் தொடங்கி மெட்ராஸ், டெல்லி, கல்கத்தா என்று சுற்றியது. அதில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்துவிட்டு வந்த இந்தி இயக்குநர் பிமல் ராய் அடுத்த ஆண்டே 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். இன்று நமக்குப் பக்கத்தில் இருப்பவை மூன்று: 2004 முதல் கோவாவில் நிலைகொண்ட மத்திய அரசு விழா, 1996-ல் தொடங்கிய கேரள விழா, 2003 முதல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சென்னை விழா. முதல் விழாவுக்கு நண்பரை அழைத்துப் போகத் திருவனந்தபுரம்தான் என் வோட்டு. வரிசையில் நிற்கிறவர்களின் பேச்சே பாதிப் பாடம். மலையாளம் முக்கால்வாசி புரியும், புட்டு கடலைக்குப் பஞ்சமில்லை.

நாளைக்கு ஐந்து படம் என்று அட்டவணை போடுவது முதல் விழாக்காரரின் வியாதி. மூன்றாம் நாள் எந்தக் காட்சி எந்தப் படத்தில் என்று குழம்பிவிடும். மூன்று படம், நடுவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். விழாப் புத்தகத்தில் கதைச்சுருக்கத்தை நம்பாதீர்கள். எல்லாமே "தன்னைத் தேடும் பயணம்" என்றுதான் எழுதியிருக்கும். நேரம், நாடு, இயக்குநரின் முந்தைய படம் இந்த மூன்றையும் பார்த்தால் போதும். சில அரங்குகளில் சப்டைட்டில் திரைக்குக் கீழே தனிப் பட்டையில் ஓடும், முன்வரிசைத் தலை அதை மறைக்கும். அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், வரிசையின் நடுவில் இடம் பிடியுங்கள். ஏசி குளிருக்கு ஒரு துண்டு. ஒரே நேரத்தில் இரண்டு நல்ல படம் மோதினால் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து போய், இரவு சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் கதை சொல்லுங்கள். சொல்லும்போதுதான் எது நினைவில் நின்றது என்று தெரியும்.

பத்தாவது படத்துக்குள் தேர்வை அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். அவர் கொண்டுவருவது நீங்கள் ஒருநாளும் தொடாத ஏதோ ஒரு ஸ்பானிஷ் பேய்ப்படமாகவோ, துருக்கிக் குடும்பச் சண்டையாகவோ இருக்கும். சப்டைட்டில் சரியாக ஓடுகிறதா என்று அவர் முந்தின நாளே பார்த்து வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் உங்கள் கை போன் பக்கம் போகும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.